இரண்டரை லட்சம் ‘டன்’ கப்பலின் எடை எவ்வளவு?

2024 ஜனவரியில் ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ என்ற உல்லாசக் கப்பல் மியாமியிலிருந்து முதல் பயணம் கிளம்பியபோது, அதைப் பற்றிய செய்திகளில் இரண்டு விஷயங்கள் தவறாமல் இருந்தன. கப்பல் 2,48,663 டன் என்பது ஒன்று. டைட்டானிக்கைப் போல ஐந்து மடங்கு பெரியது என்பது இன்னொன்று.

இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு மற்ற கப்பல்களோடு ஒப்பிட்டால் தலை சுற்றும். அமெரிக்காவின் விமானந்தாங்கிக் கப்பல் ஜெரால்ட் ஃபோர்டு சுமார் 1 லட்சம் டன். கொச்சியில் கட்டிய நம் ஐ.என்.எஸ். விக்ராந்த் சுமார் 45,000 டன். அப்படியென்றால் நீச்சல் குளமும் சறுக்கு விளையாட்டும் உள்ள ஒரு சுற்றுலாக் கப்பல், உலகின் மிகப்பெரிய போர்க்கப்பலைவிட இரண்டரை மடங்கு கனமா? நீளத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. ஃபோர்டு 337 மீட்டர், ஐகான் 365 மீட்டர். ஐந்தில் ஒரு பங்குதான் என்று சொல்லப்படும் டைட்டானிக்கே 269 மீட்டர்.

குழப்பத்துக்குக் காரணம் ஒரே சொல். ஃபோர்டுக்கும் விக்ராந்துக்கும் சொல்லப்படும் டன் எடை. ஐகானுக்குச் சொல்லப்படும் டன் எடையே அல்ல. அது இடத்தின் அளவு. வீட்டைப் பற்றி ஒருவர் சதுர அடியில் பேச, இன்னொருவர் செங்கல் கணக்கில் பேச, இரண்டையும் நாம் கூட்டிக் கழிப்பது போன்றது இது.

வரி போட வந்த டன்

‘டன்’ என்ற சொல்லே ஒரு பீப்பாயின் பெயரிலிருந்து வந்தது. இடைக்கால இங்கிலாந்துக்குத் திராட்சை மது வந்த பெரிய பீப்பாய்க்கு அந்தப் பெயர். அதன் கொள்ளளவு 252 காலன். ஒரு கப்பலில் எத்தனை பீப்பாய் அடுக்கலாம் என்பதுதான் கப்பலின் அளவு. வரியும் அதற்கேற்ப. நிறைந்த பீப்பாயின் கனம் ஏறத்தாழ 2,240 பவுண்டு. இடத்துக்கும் எடைக்கும் ஒரே சொல் ஒட்டிக்கொண்டது இங்கேதான்.

அப்புறம் வந்த விதிகள் பீப்பாயை விட்டுவிட்டு அளவுகோலைக் கையில் எடுத்தன. 1773-ல் பிரிட்டன் கொண்டுவந்த முறையில் நீளத்தையும் அகலத்தையும் மட்டும் அளந்தார்கள். சரக்கோடு மிதக்கும் கப்பலின் உள் ஆழத்தை அளப்பது சிரமம் என்பதால், அகலத்தில் பாதிதான் ஆழம் என்று வைத்துக்கொண்டார்கள். கப்பல் கட்டுபவர்கள் சும்மா இருப்பார்களா? அகலத்தைக் குறைத்து ஆழத்தைக் கூட்டினார்கள். வரி குறைந்தது, சரக்கு கூடியது. ஆனால் ஒடுங்கி உயர்ந்த அந்தக் கப்பல்கள் கடலில் எளிதில் சாய்ந்தன. அளக்கும் விதி கப்பலின் உருவத்தையே மாற்றியது.

1854-ல் ஜார்ஜ் மூர்சம் வகுத்த முறை சட்டமானது. உள்ளே மூடப்பட்ட இடத்தை உண்மையாகவே அளந்து, 100 கன அடிக்கு ஒரு டன் என்று பதிவு செய்தார்கள். டைட்டானிக்கின் 46,328 டன் இந்தக் கணக்கில் வந்தது. இந்த முறையிலும் ஓட்டை இருந்தது. சொல்லப்போனால் உண்மையான ஓட்டையே இருந்தது. நிரந்தரமாக மூட முடியாத ஒரு திறப்பு மேல் தளத்தில் இருந்தால், அதற்குக் கீழே உள்ள இடம் ‘திறந்த இடம்’ என்று கணக்கிலிருந்து தள்ளுபடி. வரிக்காகத் தளத்தில் வேண்டுமென்றே திறப்பு விட்ட கப்பல்கள் 20-ம் நூற்றாண்டிலும் ஓடின. கடல் தண்ணீருக்கு இந்தச் சட்ட நுணுக்கமெல்லாம் தெரியாது.

இதற்கு முடிவு கட்டியது 1969-ல் லண்டனில் உருவான சர்வதேச டன்னளவு உடன்படிக்கை. 1982-ல் நடைமுறைக்கு வந்தது. இன்று ‘கிராஸ் டன்னேஜ்’ என்று நாம் படிப்பது இதன்படி கணக்கிடும் எண். சூத்திரம் மிகச் சிறியது:

1. கப்பலின் மூடப்பட்ட இடங்கள் அத்தனையின் கன அளவையும் கன மீட்டரில் எடுக்க வேண்டும்.
2. அந்த எண்ணின் பத்தடிமான மடக்கையை 0.02-ஆல் பெருக்கி, 0.2-ஐக் கூட்ட வேண்டும். (பத்தடிமான மடக்கை என்பது, 10-ஐ எத்தனை முறை பெருக்கினால் அந்த எண் வரும் என்பது. 1 லட்சத்துக்கு அது 5.)
3. இரண்டாவதில் வந்ததை முதலாவதோடு பெருக்க வேண்டும்.

1 லட்சம் கன மீட்டர் கப்பலுக்கு 0.30 வரும், அதன் கிராஸ் டன்னேஜ் 30,000. 10,000 கன மீட்டர் கப்பலுக்கு 0.28, கிராஸ் டன்னேஜ் 2,800. ஆக, இது ஒரு அலகுகூட அல்ல, வெறும் குறியீட்டு எண். கப்பலுக்குக் கப்பல் ஒரு ‘டன்’ குறிக்கும் இடம் மாறும். ஐகானின் எண்ணைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் சுமார் 7.8 லட்சம் கன மீட்டர் கிடைக்கிறது. அதாவது ஒரு டன்னுக்கு 3.1 கன மீட்டர். டைட்டானிக்கின் பழைய முறையில் ஒரு டன் 2.83 கன மீட்டர், அதுவும் பல தள்ளுபடிகள் போக. ‘ஐந்து மடங்கு’ என்ற ஒப்பீடு இரண்டு வேறு அளவுகோல்களில் எடுத்த எண்களை வகுத்து வந்தது. தவறு என்று தள்ள வேண்டியதில்லை. ஆனால் எதில் ஐந்து மடங்கு என்று கேட்க வேண்டும். உள்ளே இருக்கும் இடத்தில். அறைகள், உணவுக்கூடங்கள், அரங்கங்கள், அவற்றில் அடைபட்ட காற்று எல்லாம் சேர்த்து.

போர்க்கப்பல்களுக்கு இந்த உடன்படிக்கை பொருந்தாது. அதனால்தான் விக்ராந்த் பற்றிய செய்தியில் எப்போதும் வேறு டன் வருகிறது.

கடலே தராசு

முழுக் கப்பலை வைத்து நிறுக்கும் தராசு எங்கும் இல்லை. தேவையும் இல்லை. யானையைப் படகில் ஏற்றி, தண்ணீர் மட்டத்தைக் கோடு போட்டு, அப்புறம் அதே கோடு வரும்வரை கற்களை நிரப்பிய சிறுவனின் கதை எல்லோருக்கும் தெரியும். கப்பல் துறை இன்றும் செய்வது அதையேதான். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்கும். விலக்கிய தண்ணீரின் கன அளவு தெரிந்தால், கடல் நீர் ஒரு கன மீட்டருக்கு 1.025 டன் என்று பெருக்கி எடையைச் சொல்லிவிடலாம். இதற்குப் பெயர் ‘டிஸ்ப்ளேஸ்மென்ட்’, இடப்பெயர்ச்சி எடை. விக்ராந்தின் 45,000, ஃபோர்டின் 1 லட்சம், இரண்டும் இது.

கொள்கை எளிது, கையால் செய்யும்போதுதான் நுணுக்கம் தெரியும். எண்ணூருக்கோ தூத்துக்குடிக்கோ நிலக்கரி ஏற்றி வரும் கப்பலை எடுத்துக்கொள்வோம். சரக்கு எவ்வளவு வந்தது என்பதை, இறக்குவதற்கு முன்னும் பின்னும் கப்பல் எவ்வளவு மூழ்கியிருக்கிறது என்று பார்த்தே கணக்கிடுவது வழக்கம். முன்புறம், நடு, பின்புறம் என மூன்று இடங்களில், இரு பக்கமும் சேர்த்து ஆறு இடங்களில், கப்பலின் பக்கச் சுவரில் எண்கள் எழுதியிருக்கும். ஒவ்வொரு எண்ணும் 10 சென்டிமீட்டர் உயரம். எண்ணின் அடிப்பகுதி தண்ணீரைத் தொட்டால் அந்த எண்தான் ஆழம். சர்வேயர் சிறு படகில் ஒவ்வொன்றின் அருகே போய்ப் பார்ப்பார். தண்ணீர் ஒரு நிலையில் நிற்காது. அலை ஏறும்போது ஒரு அளவு, இறங்கும்போது ஒரு அளவு. சில நிமிடம் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும்.

225 மீட்டர் நீளம், 32 மீட்டர் அகலம் உள்ள கப்பல் தண்ணீர் மட்டத்தில் சுமார் 6,500 சதுர மீட்டர் பரப்பை அடைத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக மூழ்க 66 டன்னுக்குக் கொஞ்சம் மேல் எடை ஏற வேண்டும். அதாவது சர்வேயரின் கண் ஒரே ஒரு சென்டிமீட்டர் பிசகினால், கணக்கில் மூன்று லாரி நிலக்கரி கூடும் அல்லது காணாமல் போகும்.

இதோடு தண்ணீரின் அடர்த்தியும் மாறும். ஆற்றுத் துறைமுகத்தில் நன்னீர் கலந்திருந்தால் அதே கப்பல் கூடுதலாக மூழ்கும். எனவே ஒரு வாளியில் துறைமுகத் தண்ணீரை மொண்டு, ஹைட்ரோமீட்டர் போட்டுப் பார்ப்பார்கள். நீண்ட கப்பல் நேர்க்கோடாகவும் இருக்காது. நடுவில் தொய்ந்தோ புடைத்தோ இருக்கும். நடுப்பகுதி அளவையும் முனைகளின் சராசரியையும் ஒப்பிட்டு அதற்கும் திருத்தம் போட வேண்டும்.

ஒரே கப்பல், நான்கு டன்

இனி செய்தியில் வரும் டன்களைப் பிரித்துப் பார்ப்பது சுலபம்.

1. கிராஸ் டன்னேஜ்: மூடப்பட்ட இடத்தின் குறியீட்டு எண். பயணிகள் கப்பல்களுக்கு இதைத்தான் சொல்வார்கள். பதிவுக் கட்டணம், பாதுகாப்பு விதிகள், மாலுமிகள் எண்ணிக்கை எல்லாம் இதை ஒட்டியவை.
2. டிஸ்ப்ளேஸ்மென்ட்: கப்பலும் அதிலுள்ள எல்லாமும் சேர்ந்த உண்மையான எடை. போர்க்கப்பல்களுக்கு வழக்கம்.
3. டெட்வெயிட்: கப்பல் சுமக்கக்கூடிய எடை. சரக்கு, எரிபொருள், குடிநீர், ஆட்கள் எல்லாம் சேர்த்து. எண்ணெய், நிலக்கரிக் கப்பல்களுக்கு இதுதான் பெயரோடு ஒட்டி வரும்.
4. லைட்ஷிப்: எதுவும் ஏற்றாத வெறுங்கப்பலின் எடை. எஃகு, இயந்திரம், பொருத்தப்பட்ட சாமான்கள் மட்டும்.

மூன்றையும் நான்கையும் கூட்டினால் முழுச்சுமையில் உள்ள இரண்டாவது வரும். ‘சீவைஸ் ஜயன்ட்’ என்ற 458 மீட்டர் நீள எண்ணெய்க் கப்பலை வைத்துச் சரிபார்க்கலாம். டெட்வெயிட் 5,64,763 டன். லைட்ஷிப் 81,879 டன். கூட்டினால் 6,46,642 டன் (இவை 2,240 பவுண்டு கொண்ட பிரிட்டிஷ் டன்). அதன் கிராஸ் டன்னேஜோ சுமார் 2.6 லட்சம்தான். ஐகானுடையதும் கிட்டத்தட்ட அதே அளவு! தலைப்பில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு எண்களுக்குப் பின்னால், ஒன்று கச்சா எண்ணெய் நிரம்பிய இரும்புத் தொட்டி, இன்னொன்று காற்றோட்டமான இருபது மாடி ஹோட்டல்.

கட்டும்போதே எடை தெரிய வேண்டும்

மிதக்கவிட்டு எடை பார்ப்பது கட்டி முடித்த பிறகு. வடிவமைப்பவருக்கு அது போதாது. மிதக்கும் நாளில் எண் தப்பாக வந்தால் திருத்த வழி குறைவு. அதனால் பெரிய கப்பல் தளங்களில் எடைக் கணக்குக்கென்றே தனிக் குழு இருக்கும். தகடு, குழாய், கேபிள், பெயின்ட், வெல்டிங்கில் சேரும் உலோகம் வரை ஒவ்வொன்றும் எடையோடும் இருக்கும் இடத்தோடும் பட்டியலில் ஏறும்.

சிறு பிழை எப்படிப் பெருகும் என்பதற்கு ஒரு கணக்கு. 12 மில்லிமீட்டர் தகடு ஆலையிலிருந்து 12.3 மில்லிமீட்டராக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் தடவிப் பார்த்தால் தெரியாது. ஆனால் 20,000 டன் எஃகு உள்ள கப்பலில் அது 500 டன் கூடுதல்.

மேலே மிதக்கும் கப்பல் கூடுதல் எடைக்குக் கொஞ்சம் மூழ்கிச் சமாளித்துக்கொள்ளும். நீர்மூழ்கிக்கு அந்தச் சலுகை கிடையாது. மூழ்கிய நிலையில் எடையும் விலக்கும் நீரும் சமமாக இருந்தே ஆக வேண்டும். ஸ்பெயினின் எஸ்-80 நீர்மூழ்கித் திட்டத்தில், கட்டிக்கொண்டிருந்த கப்பல் 75 முதல் 100 டன் வரை அதிக எடை என்று 2013-ல் வெளியே தெரிந்தது. யாரோ ஒரு தசமப் புள்ளியை இடம் மாற்றிப் போட்டதுதான் காரணம் என்று அந்நாட்டின் முன்னாள் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் சொன்னார். தீர்வு என்ன? கப்பலைச் சுமார் 10 மீட்டர் நீட்டினார்கள். நீளம் கூடினால் விலக்கும் நீரும் கூடும். முதல் கப்பல் கடற்படையின் கைக்கு வந்தபோது 2023 ஆகிவிட்டது.

காலையில் ஒரு நீளம், மதியம் ஒரு நீளம்

இன்று பெரிய கப்பலை அடியிலிருந்து மேலே கட்டிக்கொண்டு போவதில்லை. பிளாக் பிளாக்காகத் தனித்தனியே கட்டி, ராட்சத கிரேனால் தூக்கி உலர்துறையில் (தண்ணீரை வெளியேற்றிவிட்டுக் கப்பல் கட்டும் பெரிய தொட்டி) அடுக்கி வெல்டிங் செய்கிறார்கள். 2024-ல் திறந்த கொச்சி கப்பல் தளத்தின் புதிய உலர்துறையில் உள்ள கிரேன் 600 டன் தூக்கும். இப்படி வந்து சேரும் இரண்டு பிளாக்குகளின் விளிம்புகள் ஒன்றோடொன்று மில்லிமீட்டர் கணக்கில் பொருந்த வேண்டும்.

இங்கே எதிரி வெயில். எஃகு ஒரு டிகிரி செல்சியஸ் சூட்டுக்கு மீட்டருக்கு 0.012 மில்லிமீட்டர் நீளும். அற்பம்தான். ஆனால் 300 மீட்டர் நீளத்துக்கு, விடியலுக்கும் உச்சி வெயிலுக்கும் 20 டிகிரி வித்தியாசம் இருந்தால் 72 மில்லிமீட்டர் வருகிறது. நான்கு விரற்கடை. அதுவும் சீராக நீளாது. மேல் தளம் காயும், அடிப்பகுதி நிழலில் இருக்கும். மேலே மட்டும் நீள்வதால் கப்பல் நடுவில் வில்லாக வளையும். முக்கியமான அளவுகளை, குறிப்பாக இயந்திரத்தையும் உந்துவிசிறியையும் இணைக்கும் தண்டின் நேர்க்கோட்டை, இரவிலோ விடியற்காலையிலோ எடுப்பது இதனால்தான்.

வெல்டிங்கும் தன் பங்குக்குக் குழப்பும். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கித் தகட்டை இழுக்கும். எவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டியே கணித்து, தகட்டை அந்த அளவு பெரிதாக வெட்டுவார்கள். லேசர் கருவியில் அளந்து கணினி வரைபடத்தோடு ஒப்பிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. ஆனாலும் ஒரு தளம் நல்ல தளமா என்பது, பிளாக் இறங்கிய பிறகு விளிம்பை எத்தனை முறை வெட்டி ஒட்டுகிறார்கள் என்பதிலேயே தெரிந்துவிடும்.

எடை எங்கே இருக்கிறது?

மொத்த எடை சரியாக இருந்தும் கப்பல் கவிழலாம். எடை எவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது தனிக் கேள்வி.

1628 ஆகஸ்ட் 10-ல் ஸ்வீடனின் வாசா போர்க்கப்பல், முதல் பயணத்தில் 1,300 மீட்டர் மட்டுமே போய் ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலேயே மூழ்கியது. கிளம்புவதற்கு முன் ஒரு சோதனை நடந்தது. 30 பேரைத் தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டார்கள். மூன்று ஓட்டத்திலேயே கப்பல் பயங்கரமாக ஆடியதால் நிறுத்திவிட்டார்கள். கப்பலை அல்ல, சோதனையை. 1961-ல் கப்பலைத் தூக்கியபோது தச்சர்களின் அளவுகோல்களும் கிடைத்தன. சிலவற்றில் ஸ்வீடன் அடி, 12 அங்குலம். சிலவற்றில் ஆம்ஸ்டர்டாம் அடி, 11 அங்குலம். கப்பலின் இரு பக்கமும் சமமாக இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

அந்த ஓட்டச் சோதனையின் ஒழுங்கான வடிவம்தான் இன்று பெரிய கப்பல்களுக்கு நடக்கும் சாய்வுச் சோதனை. கட்டி முடியும் தறுவாயில், காற்றில்லாத நேரமாகப் பார்த்து இப்படிச் செய்வார்கள்:

1. கப்பலில் இருக்கக்கூடாத சாமான்களை (சாரக்கட்டு, பெயின்ட் டின், கருவிப்பெட்டி) இறக்குவார்கள். இறக்க முடியாததை எடையோடு பட்டியலிடுவார்கள். தொட்டிகள் முழுதாக நிரம்பியிருக்க வேண்டும் அல்லது காலியாக இருக்க வேண்டும். அரைகுறைத் தண்ணீர் தளும்பிக் கணக்கைக் கெடுக்கும்.
2. கட்டிய கயிறுகளைத் தளர்த்திவிட்டு, மூழ்கிய ஆழத்தைப் பார்த்து எடையைக் கணக்கிடுவார்கள்.
3. உள்ளே நீண்ட கம்பியில் குண்டு கட்டித் தொங்கவிடுவார்கள். குண்டு ஆடாமல் நிற்க, எண்ணெய்த் தொட்டிக்குள் முங்கியிருக்கும். கம்பிக்குப் பின்னால் ஒரு மரச்சட்டம்.
4. தெரிந்த எடை ஒன்றைத் தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்துவார்கள். உள்ளே இருப்பவர்கள் அசையாமல் நிற்க வேண்டும். கம்பி நகர்ந்த தூரத்தைச் சட்டத்தில் பென்சிலால் குறிப்பார்கள்.

30,000 டன் கப்பலில் 40 டன்னை 20 மீட்டர் நகர்த்தியதும், 4 மீட்டர் கம்பி 5 சென்டிமீட்டர் விலகியது என்று வைப்போம். 40-ஐ 20-ஆல் பெருக்கி, 30,000-ஆலும் சாய்வு விகிதமான 0.0125-ஆலும் வகுத்தால் 2.13 மீட்டர். சாய்ந்த கப்பல் தானாக நிமிர்வதற்கு இருக்கும் ‘பிடிமானம்’ இது. இந்த எண் சுழியை நோக்கிப் போனால் கப்பல் தள்ளாடும்.

தென் கொரியாவின் சேவோல் படகுக் கப்பலில் இதுதான் கைவிட்டது. ஜப்பானிலிருந்து வாங்கிய பழைய கப்பலில் மேல் தளத்தில் அறைகளைக் கூட்டினார்கள். எடை மேலே ஏறியது. அனுமதித்ததைப் போல இரு மடங்குக்கும் மேல் சரக்கு ஏற்றினார்கள். அப்படி ஏற்றினால் பக்கச் சுவரில் உள்ள சுமைக்கோடு மூழ்கிக் காட்டிக் கொடுத்துவிடும். அதற்கு, கப்பலின் அடியில் நிலைப்புக்காக வைத்திருக்க வேண்டிய பேலஸ்ட் தண்ணீரைக் குறைத்தார்கள். கோடு தண்ணீருக்கு மேலேயே நின்றது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு எல்லாம் சரி. 2014 ஏப்ரல் 16-ல் ஒரு திருப்பத்தில் கப்பல் சாய்ந்தது, நிமிரவில்லை. 304 பேர் இறந்தார்கள். மூழ்கிய ஆழம் எவ்வளவு எடை என்பதை மட்டுமே சொல்லும். எங்கே இருக்கிறது என்று சொல்லாது.

கடைசி எடை

சாய்வுச் சோதனை நாளில் கிடைக்கும் இன்னொரு விடை, லைட்ஷிப் எடை. மூழ்கிய ஆழத்தில் வந்த மொத்தத்திலிருந்து பட்டியலில் உள்ள சாமான்களைக் கழித்தால் வருவது. அது கப்பலின் நிலைப்புக் கையேட்டில் ஏறி, பின்னாளில் சரக்கு ஏற்றும் ஒவ்வொரு கணக்குக்கும் அடித்தளமாகும். கப்பல் ஓடும் காலத்தில் செய்திகளில் இந்த எண்ணை யாரும் குறிப்பிடுவதில்லை.

குஜராத்தின் அலங் கடற்கரைக்கு உடைக்க வரும்போது இந்த எண்ணுக்கு மவுசு வரும். பழைய கப்பலுக்கு விலை பேசுவது இந்த வெறுங்கப்பல் டன்னில்தான். வாங்குபவருக்கு வேண்டியது எஃகு. சீவைஸ் ஜயன்ட் 2009 டிசம்பரில் அங்கே கரையேறியபோது, அதன் ஐந்தரை லட்சத்துச் சொச்ச டெட்வெயிட்டுக்கும் இரண்டரை லட்சத்துச் சொச்ச கிராஸ் டன்னேஜுக்கும் அலங்கில் வேலை இருக்கவில்லை.